வரிசையில் நின்ற இரண்டு போன்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிறவனை டிரைவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஓட்டுவது கொஞ்ச நேரம், மீதியெல்லாம் நிற்பது. துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காசிமேட்டில் தொடங்குகிற வரிசையின் வால் சில நாள் திருவொற்றியூரைத் தாண்டிக் கிடக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தூசி, நடுவில் நாங்கள். குளிப்பது, சமைப்பது, சண்டை போடுவது எல்லாம் வண்டியோடுதான். இப்படி நிற்கிறவன் கையில் ஒரு போனைக் கொடுத்தால் அவன் அதை நோண்டாமல் வேறு என்ன செய்வான்?

நான் நோண்டினேன். என்னுடையது ஆண்ட்ராய்டு. இனிமேல் இதற்குப் புது அப்டேட் கிடையாது என்று செய்தவர்கள் கைகழுவிய பிறகு, அதன் பூட்டை உடைத்து, யாரோ புண்ணியவான்கள் இலவசமாகச் செய்து இணையத்தில் போட்டிருந்த வேறொரு சிஸ்டத்தை அதில் ஏற்றினேன். அதற்கப்புறம் அது நான் கீறிய கோட்டைத் தாண்டவில்லை. துறைமுக கேட்டை நெருங்கினால் தானாகவே திரையின் வெளிச்சம் கூடும். யார் பேசினாலும் பதிவாகும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று புளுகும் யார்டு சூப்பர்வைசருக்கு அவர் குரலையே போட்டுக் காட்டுவேன். சேமிக்காத எண்ணிலிருந்து யாராவது கூப்பிட்டால் போனே கட் செய்து, 'வண்டில கீறேன், அப்பால பேசு' என்று ஒரு மெசேஜும் அனுப்பிவிடும். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களின் தொல்லை அதோடு ஒழிந்தது. முகப்புத் திரையில் ஐகான் என்று ஒன்றுகூட வைக்கவில்லை. வெறும் கறுப்பு. இரண்டு விரலால் கீழே இழுத்தால் டயல் வரும், ஓரத்தில் அரைவட்டம் போட்டால் கேமரா வரும். பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள், எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு திருட்டுப் பொறியும் வைத்திருந்தேன். போன் காணாமல் போனால், வேறு எந்த போனிலிருந்தாவது என் எண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட சொல்லை மெசேஜாக அனுப்ப வேண்டும். உடனே நான் முன்பே பதிவு செய்து வைத்த என் குரல் முழுச் சத்தத்தில் கத்த ஆரம்பிக்கும். சைலன்ட்டில் இருந்தாலும் கத்தும். நான் நிறுத்தினால்தான் நிற்கும். அந்தச் சொல் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எனக்கு முன்னால் நிற்கும் வண்டி என் கூட்டாளியுடையது. ஒரே முதலாளியின் இரண்டு வண்டிகள். அவன் முன்னால், நான் பின்னால், வருஷக்கணக்காக அப்படித்தான். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அவன் வீடு. அவனிடம் இருந்தது ஐபோன், இரண்டு கை மாறி வந்தது. அந்த வெயில் காலத்தில் அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். முதல் பையன் பிறந்தபோது இவன் இதே வரிசையில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரி ஆயா வெளியே கொண்டுவந்த குழந்தையை எதிர் வீட்டுக்காரர்தான் கையில் வாங்கினார். அதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். "இந்தவாட்டி புள்ளய மொதல்ல நீதான் கைல வாங்கணும். இல்லாங்காட்டி வூட்டாண்ட வராத, அந்த வரிசையிலயே குடும்பம் நட்த்திக்கோ" என்று சொல்லிவிட்டாள். அவனும் பையன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். அந்த மாதம் முழுக்க அவனுக்கு அந்த ஒரே கவலைதான்.

மற்றபடி எங்களுக்குள் பேச்சு போன் பேச்சுதான், அதுவும் அடிதடி.

"இன்னா மாமு, ஒரு ரிங்டோன் மாத்தறதுக்கு நீ யாராண்ட பர்மிஷன் கேக்கணும்?" என்று நான் அவன் வாயைக் கிளறுவேன். அவனுக்கு ஒரு கானாப் பாட்டை ரிங்டோனாக வைக்க ஆசை. அவன் போனில் அதற்கு ஒரு ஆப், அதிலிருந்து இன்னொரு இடம், அங்கிருந்து வேறொரு இடம் என்று சுற்றிச் சுற்றி அலைந்ததில் அந்தப் பாட்டே அவனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

"ரிங்டோன வுடு. நீ ஒரு டீக்கு ஸ்கேன் பண்ணிக் காட்டு, பாக்கலாம்" என்பான்.

அங்கே என் மூக்கு உடையும். பூட்டை உடைத்த போன் என்றால் பேங்க் ஆப்புகளுக்கு ஆகாது. இந்த போனில் திறக்க மாட்டேன் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடும். அதை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடிப்பேன். அவர்கள் அதை அடைப்பார்கள். நான் அடுத்த வழி தேடுவேன். அது கிடைக்கிறவரை என் டீக்கும் அவன்தான் ஸ்கேன் செய்வான், டீக்கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு.

"சொந்த வூட்ல ஒரு ஆணி அடிக்க எவனக் கேக்கணும்? அதான் என் போனு" என்பேன் விடாமல்.

"நீ ஆணி அட்ச்சு அட்ச்சு செவுரே இல்ல நைனா. என்து ஹவுசிங் போர்டு மாரி. ஆணி அடிக்க வுடமாட்டான், ஆனா மழைக்கு ஒழுவாது."

"ஹவுசிங் போர்டு ஒழுவாதா? உன் வூட்டாண்ட வந்து பாத்துகீறேன் மாமு, ஹால்ல பக்கெட் வச்சிருந்த."

உடனே அவன் பேச்சை மாற்றுவான். ஆனால் உண்மையைச் சொன்னால், அவன் போன் என்னுடையதைவிட வயதில் மூத்தது. அதற்குத் தவறாமல் அப்டேட் வந்துகொண்டிருந்தது. அவன் ஒருநாள்கூட உட்கார்ந்து அதில் எதையும் பழுது பார்த்ததில்லை. என் போன் நான் சொன்னதையெல்லாம் கேட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. இதை அவனிடம் நான் ஒத்துக்கொண்டதே இல்லை, ஒத்துக்கொள்ளப்போவதும் இல்லை.

வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது அவசரமாகப் போக வேண்டியிருந்தால் வண்டிச் சாவியைப் பின்னால் நிற்கிற டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போவான். வரிசை நகரும்போது பின்னால் இருப்பவன் அந்த வண்டியை முன்னே கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓடிவந்து தன் வண்டியையும் நகர்த்துவான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நாளைக்குத் தனக்கும் அதே நிலைமைதான் என்று தெரியும். துறைமுகத்துக்குள் விடுவதற்கான டோக்கன் போனுக்கு மெசேஜாக வர ஆரம்பித்த பிறகு சாவியோடு போனையும் கொடுக்க வேண்டியதாயிற்று. கேட்டில் போனைத் திறந்து டோக்கனைக் காட்டாத வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். ஓரம் கட்டினால் மறுபடி வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும். அதனால் என் போனின் பேட்டர்னை டேஷ்போர்டிலேயே சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தேன். 'ட' மாதிரி ஒரு கோடு. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பாதுகாப்பைப் பற்றி நான் முன்னால் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

அவன் மட்டும் போனைக் கொடுக்க மாட்டான். "இத்த தொறக்கறது என் மூஞ்சி. மூஞ்சியக் கழட்டிக் குட்த்துட்டுப் போவ முடியுமா?" என்பான். நம்பர் போட்டும் திறக்கலாமே என்று கேட்டால், "அது எனக்கு மட்டும் தெரிஞ்சாதான் பூட்டு" என்பான். அதனால் அவன் வரிசையை விட்டு நகர்ந்ததே கிடையாது. முதல் பிரசவத்தில் கோட்டை விட்டதும் இந்தப் பிடிவாதத்தால்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாமு, வலி வந்தா இன்னா பண்ணுவ? உன் புள்ள டோக்கன் எட்த்துக்கினு வருமா?" என்று கத்துவேன்.

"அன்னிக்கிப் பாத்துக்கலாம் வுடு" என்று ஜகா வாங்குவான்.

அந்த 'அன்னிக்கி' நல்ல உச்சி வெயிலில் வந்தது. கேட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவன் மாமியார் போன் செய்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆட்டோவில் ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அவன் வண்டியிலிருந்து இறங்கினானா விழுந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஓடிவந்து சாவியை நீட்டினான். பிறகு போனையும் நீட்டினான்.

"மாமு, நம்பர் சொல்றேன், மனசுல வச்சுக்கோ" என்று என் காதில் வாயை வைத்துச் சொன்னான். அத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்ததை, மீன்பாடி வண்டிக்காரன் ஒருவன் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும் நடுரோட்டில் சொல்லிவிட்டான். அவன் என்னை நம்புகிறான் என்பதில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பதிலுக்கு என் போனை அவன் கையில் திணித்தேன்.

"'ட' போடு, தொறந்துக்கும். எதுனா வேணும்னா கூப்டு."

தெரிந்த பையன் ஒருவனின் பைக்கில் தொற்றிக்கொண்டு பறந்துவிட்டான். என் போனோடு என் டோக்கனும் ராயபுரத்துக்குப் போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வரிசை நகர ஆரம்பித்தது. அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வந்திருக்கிறது என்று மட்டும் திரையில் தெரிந்தது, என்ன என்று காட்டவில்லை. அவன் சொன்ன நம்பரைப் போட்டேன். திரை இடவலமாகத் தலையாட்டியது. நிதானமாக மறுபடி போட்டேன். மறுபடி தலையாட்டியது. கடைசி இரண்டை மாற்றிப் போட்டேன், தலைகீழாகப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய் என்று சொல்லி அது என்னை உட்கார வைத்துவிட்டது.

அப்போது அவன் மாமியார் கூப்பிட்டார். பூட்டிக் கிடந்தாலும் வருகிற அழைப்பை எடுக்கலாம், அந்த அளவுக்கு அதற்கு இரக்கம் உண்டு.

"மாப்ள எங்கப்பா? அவள உள்ள இட்டுக்கினு பூட்டாங்க. எப்ப வேணா பொறந்துடுமாம். இந்த மனுசன் இந்தவாட்டியும் வரலியா?"

"அவன் அப்பவே வந்துட்டாம்மா. என் போனத்தான் எட்த்துக்கினு வந்துகீறான். அந்த நம்பருக்குப் போடுங்க" என்று என் எண்ணைச் சொன்னேன்.

போட்டிருக்கிறார். சற்று நேரத்தில் மறுபடி எனக்கே வந்தார்.

"எந்தக் கஸ்மாலம்பா அவன்? போன எடுக்காம 'வண்டில கீறேன், அப்பால பேசு'ன்னு மெசேஜ் அனுப்பறான்? பக்கத்துல கீற பொண்ணு படிச்சு சொல்லுது. என் பொண்ணு உள்ள துடிச்சிக்கினு கீறா, இவனாண்ட அப்பால பேசணுமாம்ல, அப்பால!"

அவர் எண் என் போனில் இல்லை. அது தனக்குச் சொல்லி வைத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறது. எனக்குப் பின்னால் நின்ற மீஞ்சூர்க்காரர் பட்டன் போன் வைத்திருந்தார். ஓடிப்போய் அதை வாங்கி என் எண்ணுக்குப் போட்டேன். ஒரு மணி அடித்தது, கட் ஆனது. உடனே மெசேஜ் வந்து விழுந்தது. நான் எழுதியது, எனக்கே.

மீஞ்சூர்க்காரர் எட்டிப் படித்துவிட்டு, "நீ இங்கதானப்பா கீற?" என்று கேட்டார்.

மறுபடி மறுபடி போட்டேன். மறுபடி மறுபடி அப்பால பேசச் சொன்னது. இதற்குள் கேட்டில் இருந்தவர் டோக்கன் கேட்டுக் கையசைத்தார். அவன் டோக்கன் பூட்டுக்குள்ளே, என் டோக்கன் ராயபுரத்திலே. இரண்டு வண்டியையும் ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். வண்டி போனால் போகட்டும் என்று இருந்தது. அவன் மட்டும் இந்த முறையும் குழந்தையைக் கையில் வாங்காமல் போனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்? நினைக்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் திருட்டுப் பொறி நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் எங்கே இருந்தாலும் அவன் கையில் சத்தம் கேட்டால் மாமியார் திரும்பிப் பார்க்க மாட்டாரா? பட்டன் போனில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அதில் என்ன பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அங்கே நடந்தது அவன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமியார் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூடும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவன் எதிரே ஒரு நீள வரிசையைப் பார்த்திருக்கிறான். ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். எங்கள் ஆள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, நேராக வாலில் போய் நின்றுவிட்டான். வரிசையைக் கண்டால் கடைசியில் போய் நிற்பது டிரெய்லர் டிரைவருக்கு மூச்சு விடுவது மாதிரி, யோசித்தா செய்கிறோம்? அது ரத்தப் பரிசோதனை முடிவு வாங்குகிற வரிசை. பிரசவம் பார்க்கிற இடம் எதிர்க் கட்டடத்தின் மாடியில். இவன் முன்னால் இருப்பவர் நகர நகரத் தானும் பொறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தான்.

நடுநடுவே மாமியாரைக் கூப்பிட என் போனைத் திறந்திருக்கிறான். 'ட' போட்டதும் திறந்துகொண்டது. உள்ளே வெறும் கறுப்பு. தட்டினான், தடவினான், குலுக்கினான். டார்ச் எரிந்தது. மறுபடி குலுக்கினான். டார்ச் அணைந்தது. டயல் வரவே இல்லை. என் பரம்பரையையே திட்டியதாக அவனே சொன்னான்.

அந்த நேரத்தில்தான் அவன் கையிலிருந்து நான் கத்தினேன்.

"டேய் பேமானி! யார்ரா நீ? என் போன எட்த்துக்கினு எங்கடா ஓட்ற? யாராச்சும் இவனப் புடிங்கப்பா! திருடன்! திருடன்!"

வரிசை மொத்தமும் திரும்பியது. வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடித்தார். "இது என் தோஸ்து போனுங்க, அவன்தான் குட்த்தான்" என்று இவன் கெஞ்சினான்.

"பொய் சொல்லாதடா! போனக் கீழ வைடா!" என்றது போன். எதற்கும் இருக்கட்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த வரி அது.

சத்தம் கேட்டு எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், போனைவிடப் பெரிதாகக் கத்தினார். "அய்யோ, அது எங்க மாப்ளப்பா! வுடுப்பா அவர! மாப்ள, அங்க இன்னா பண்ற, மேல வாய்யா!"

"உங்க மாப்ளையா திருடன்?" என்று வாட்ச்மேன் அண்ணாந்து கேட்டாராம். கத்திக்கொண்டிருந்த போனை அவர் கையிலேயே வைத்து அழுத்திவிட்டு இவன் மாடிப்படியில் ஓடினான். கதவருகில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற சற்று நேரத்தில், ஆயா துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்து தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் இரண்டு கையையும் நீட்டினான். கீழே நான் இன்னும் திருடன் திருடன் என்று கத்திக்கொண்டிருந்தேனாம்.

சாயங்காலம் எங்களைத் தேடிக்கொண்டு வரிசையின் வாலுக்கு, திருவொற்றியூர்ப் பக்கம் வந்து சேர்ந்தான். இரண்டு வண்டியையும் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். பொண்ணு, தாயும் பிள்ளையும் நலம், கையில் வாங்கிவிட்டேன் என்றான். சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட கையோடு கேட்டேன்.

"நீ சொன்ன நம்பரு இன்னாடா நம்பரு?"

அவன் யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "மாமு, அது ஏடிஎம் நம்பரு!"

உலகத்தில் ஒருத்தனிடமும் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதை விட்டிருக்கிறான். அது எனக்கு மறந்துபோச்சு என்று சத்தியம் செய்தேன். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் போனை நான் கொடுத்தேன், வாட்ச்மேனிடமிருந்து மீட்ட என் போனை அவன் கொடுத்தான். என்னுடையது கத்திக் கத்தியே சார்ஜ் தீர்ந்து செத்திருந்தது. அவனுடையது பூட்டிய வீடு என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்திருக்கிறேன். என்னுடையதில் கதவே இல்லை, ஆனால் உள்ளே வந்தவன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்கிறான். இது எனக்குக் கொஞ்சம் வலித்தது. இப்போது என் திரையில் பச்சையாக ஒரு டயல் ஐகான் இருக்கிறது, பட்டிக்காட்டான் போன் மாதிரி. அவன் போனிலும் இன்னொரு முகத்தைச் சேர்த்துக்கொள்ள ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. அது அவனுக்கும் தெரியாது, எல்லாம் தெரிந்த எனக்கும் தெரியாது. இப்போது அதில் இருப்பது என் முகம். ஆனால் இதெல்லாம் அடுத்த வாரம் நடந்தது.

அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான். "சரி மாமு, போட்டோ காட்டு."

அவன் போன் என்னிடம் பூட்டிக் கிடந்தது. என் போன் வாட்ச்மேன் கையில் கத்திக்கொண்டிருந்தது. மாமியாருடையது பட்டன் போன். எந்த போன் உசத்தி என்று இத்தனை காலம் மல்லுக்கட்டியவர்களிடம் குழந்தையின் படம் ஒன்றுகூட இல்லை.

"போட்டோ இல்லாட்டி இன்னா? இத்தப் பாரு" என்றான். இடது முழங்கையை மடக்கிக் கொஞ்சம் உயர்த்தினான். வலது உள்ளங்கையை அடியில் கொடுத்தான். "தல இங்க கீது. கால் இம்மாத்தூண்டு, இங்க வருது. மூஞ்சிய சுளிச்சிக்கினு கீது பாரு."

அவன் விளையாடவில்லை. கையைக் கொஞ்சமும் அசைக்காமல் அப்படியே பிடித்திருந்தான். நான் குனிந்து பார்த்தேன். முன்னும் பின்னும் நின்ற வண்டிக்காரர்கள் இறங்கி வந்து ஒவ்வொருவராக அவன் கைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு ஜாடப்பா?" என்று கேட்டார் ஒருவர்.

"இன்னும் தெர்லண்ணா. கண்ண மூடிக்கினு கீது."

முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அமுக்கினான். நான் திரும்பிக் கத்தினேன்.

"டேய், கம்முனு இர்ரா! புள்ள தூங்குது!"